மலையில் வளரும் பிள்ளைகளோடு பேச: புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியிலோ பழனி மலையிலோ கிராம சுகாதார செவிலியராக, விடுதிக் காப்பாளராக, ஆசிரியராக, தொண்டு நிறுவனப் பணியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? சேர்ந்த சில மாதங்களுக்குள் ஏதாவது ஒரு பெண்பிள்ளை உங்களிடம் வந்து "நாள் தள்ளிப் போச்சு" என்று சொல்லக்கூடும். ஒரு பையன் எதையோ கேட்க வந்து, கேட்காமலேயே திரும்பிப் போகக்கூடும். என்ன செய்வதென்று அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. உடம்பு, உறவு, கருத்தடை, கர்ப்பம் பற்றிப் பிள்ளைகளோடு பேச முன்கூட்டியே தயாராகிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

மலையில் எல்லாமே நாள் கணக்கு. கோவையில் இருக்கும் பெண் காலையில் சந்தேகப்பட்டால் மாலைக்குள் டாக்டரைப் பார்த்துவிடலாம். கூக்காலிலிருந்தோ பந்தலூர் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்தோ கிளம்புகிறவளுக்கு முதலில் பஸ் கிடைக்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். அம்மாவின் ஒரு நாள் கூலி போகும். வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் எங்கே போகிறோம் என்று பதில் சொல்ல வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்கு 72 மணி நேரம்தான் கெடு. கருக்கலைப்புக்கு வாரக் கணக்கில் கெடு. இதில் ரோடு கொஞ்சம் நாளைத் தின்கிறது, பயம் அதைவிட அதிகமாகத் தின்கிறது. ரோட்டை நம்மால் மாற்ற முடியாது, பயத்தைக் குறைக்க முடியும். பிள்ளைகள் சீக்கிரம் நம்மிடம் வரும்படி நடந்துகொள்வதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் டாக்டர் எந்தெந்த நாள் இருப்பார், ஸ்கேன் எங்கே எடுக்கிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, 108 வண்டி எதுவரை வரும், அதற்கு மேல் ஜீப் வைத்திருப்பவர் யார், சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கமானால் யானை நடமாட்டம் உள்ள பாதையில் எத்தனை மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்பதும் இதில் சேரும். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கோ ஒருமுறை நேரில் போய், மகப்பேறு பிரிவில் கருக்கலைப்புக்கு யாரை, எந்த நாளில் பார்க்க வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காக மருத்துவமனை நடத்தும் அஸ்வினி அமைப்பும், கோத்தகிரியில் நாவா என்று அழைக்கப்படும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகின்றன. அங்கும் போய் அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம் மக்கள். நீலகிரியில் ஒரே பஞ்சாயத்துக்குள் படுகர் ஹட்டியும் (ஊரும்), இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டமும், இருளர் அல்லது குறும்பர் குடியிருப்பும், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் லைனும் இருக்கலாம். பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் காய்கறியும் போடும் ஊர்கள் ஒரு விதம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு காபித் தோட்டங்களில் வேலை செய்யும் பளியர், புலையர் குடும்பங்கள் வேறு விதம். கல்யாண வயது, தீட்டு, காதலை ஏற்றுக்கொள்வது எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். "இந்த ஆளுங்க இப்படித்தான்" என்று பழைய ஊழியர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பணியரும் காட்டுநாயக்கரும் வீட்டில் பேசுவது தமிழ் அல்ல. தோட்டத்துக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளர்களுக்கும் தமிழ் பிடிபட நாளாகும். இந்த விஷயங்களைப் பேசும்போது பள்ளிக்கூடம் போகும் தம்பியையோ தங்கையையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. அந்த மொழி பேசும், வயதில் மூத்த, நம்பகமான ஒரு பெண்ணை முன்பே பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

2. யார் கண்ணையும் உறுத்தாமல் வர ஒரு வழி

மருந்துக் கடைக்காரர் அவளுக்கு மாமா முறை. ஜீப் டிரைவர் அப்பாவின் கூட்டாளி. சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். மலையில் ஒரு பெண்பிள்ளை தனியாக நர்ஸைப் பார்க்கப் போனாலே பேச்சு கிளம்பிவிடும். அதனால் வருவதற்கு அவளுக்கு ஒரு சாதாரணக் காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இதற்கு மிகவும் உதவுவது ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். எடை பார்க்க, ஹீமோகுளோபின் பார்க்க, இரும்புச் சத்து மாத்திரை வாங்க, நாப்கின் வாங்க என்று வாரத்தில் ஒரு நாளை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திப் பேசுங்கள். எல்லோருக்கும் அதே ஐந்து நிமிடம் என்றால் யார் எதற்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

ஆணுறைப் பெட்டியை மேஜைக்குப் பின்னால் பூட்டி வைக்காதீர்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில், கேட்காமல் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

குறிப்பு எழுதினால் பெயர் எழுதாதீர்கள். கருத்தடை ஊசி எப்போது, அடுத்து எப்போது வர வேண்டும் என்பது மட்டும் உங்களுக்குப் புரியும்படி இருந்தால் போதும்.

3. பேச்சை உடம்பிலிருந்து தொடங்குங்கள்

முதல் கூட்டத்திலேயே கருத்தடை பற்றிப் பேசினால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள், பெற்றோரும் சண்டைக்கு வருவார்கள். வயதுக்கு வந்த பிறகு முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு என்பதிலிருந்து தொடங்கலாம். வெள்ளைப்படுவதில் எது சாதாரணம், எதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லலாம். மாதவிடாய் நாட்களில் தனி அறையிலோ தனிக் குடிசையிலோ இருக்கும் வழக்கமுள்ள இடங்களில் அந்த வழக்கத்தோடு முதல் நாளே மோத வேண்டாம். அங்கே தண்ணீரும் வெளிச்சமும் போர்வையும் துணைக்கு ஆளும் இருக்கிறதா என்று கேளுங்கள். மலைக் குளிரில் அதுதான் அவசரம்.

பையன்களை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் பலவீனத்தையோ ஆண்மைக் குறைவையோ உண்டாக்காது. இதை யாரும் சொல்லாததால்தான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் விளம்பரம் ஒட்டி, மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களிடம் கொழுந்து பறித்துச் சம்பாதித்த காசு போகிறது. ஒரு பையனிடம் "உனக்கு ஒரு நோயும் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். அப்புறம் மற்ற கேள்விகளும் அவனாகவே கேட்பான்.

சம்மதம் பற்றிய பேச்சு பையன்களோடுதான் அதிகம் தேவை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை, நேற்று சரி என்றவள் இன்று வேண்டாம் என்று சொல்லலாம், போட்டோவைக் காட்டி மிரட்டுவது குற்றம். போட்டோ மிரட்டல் வந்தால் அதை அழிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்ல வேண்டும் என்பதையும் இரு பாலருக்கும் சொல்லுங்கள்.

4. கருத்தடை: சொல்லும்போது விட்டுவிடக் கூடாதவை

18, 19 வயதில் கல்யாணமாகித் தோட்டத்துக்கு வரும் பெண்கள் இங்கே நிறைய. முதல் குழந்தையைத் தள்ளிப்போட வழி இருக்கிறதென்றே பலருக்குத் தெரியாது. 18க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தகவல் சொல்வதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தெரிந்தால் கெட்டுப்போவார்கள் என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும். தெரியாமல் போனதால் படிப்பை விட்டவர்கள்தான் நம் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

"பாதுகாப்பான நாள்" கணக்கு வளரிளம் பருவத்தில் உதவாது. சுழற்சியே ஒழுங்காக இல்லாதபோது எண்ணிப் பயனில்லை. வெளியே எடுத்துவிடுவதும் நம்பத்தக்க வழியல்ல.

ஆணுறை கர்ப்பத்தோடு பால்வினை நோய்களையும் தடுக்கும். காலாவதித் தேதி பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் பிய்ந்துவிடும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக் கூடாது. குளிர் காய அடுப்பு எரியும் வீடுகளில் அடுப்புப் பக்கத்துச் சுவரில் சொருகி வைத்தாலும் சூட்டில் கெட்டுவிடும்.

அரசு தரும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரை இருக்கும். 21 ஹார்மோன், 7 இரும்புச் சத்து. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். சாயா என்பது ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் மாத்திரையை ஒளித்து வைக்க இடமில்லாதவர்களுக்கு ஊசி ஏற்றது. ஆனால் மாதவிடாய் தாறுமாறாக வரலாம் அல்லது நின்றுபோகலாம், நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பயந்துபோய் இரண்டாவது ஊசிக்கு வரமாட்டார்கள். கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி பல ஆண்டுகள் வேலை செய்யும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். குழந்தை பெறாதவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகிவிடும் பரம்பரை நோய்) பரவலாக உண்டு. இந்த நோய் உள்ளவர்களுக்கு மாலா-என் போன்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டலாம். அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். நோய் இருந்தால் டாக்டரிடம் அனுப்பி வேறு முறை தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் சில நாட்கள் ரோடே இருக்காது. மழைக்கு முன்பே கூடுதல் அட்டைகளை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அவசர கருத்தடை மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. உறவுக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள். இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல, கரு உண்டாகிவிட்டிருந்தால் இது ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் இதை வைத்திருப்பதே இல்லை. எனவே சுகாதார நிலையத்தில் இருப்பு இருக்கிறதா என்று மாதா மாதம் பாருங்கள். சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் ஒன்று சாப்பிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காதவர்கள் குறைவு. மாத்திரையைக் கொடுத்த கையோடு பஸ் ஏற்றிவிடாமல், கொஞ்சம் சாப்பிட வைத்து 2 மணி நேரம் உட்கார வைத்து அனுப்புங்கள். உறவுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் காப்பர்-டி போட்டாலும் கர்ப்பத்தைத் தடுக்கலாம்.

5. நாள் தள்ளிப் போனால்

முதலில் திட்டாதீர்கள். "ஏன் இப்படிப் பண்ணினே" என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை, நாள்தான் போகும். கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளைக் கேளுங்கள். தேதி நினைவில்லை என்றால் மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாலா பின்னாலா, பரீட்சைக்கு முன்னாலா என்று கேட்டால் சொல்வாள். கர்ப்பத்தைப் பார்க்கும் கார்டு டெஸ்ட் துணை சுகாதார நிலையத்தில் இலவசம். காலையில் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. நாள் தள்ளி ஒரு வாரம்கூட ஆகவில்லை, கார்டில் ஒன்றும் காட்டவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

கர்ப்பம் உறுதியானால் என்ன செய்வது என்ற முடிவு அவளுடையது. சட்டம் சொல்வதை அவளுக்குச் சொல்வது உங்கள் வேலை. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் இந்த 24 வாரக் கணக்கில் வருவார்கள். கல்யாணமாகாதவர்களுக்கும் இதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் தீர்ப்புச் சொன்னது. 18 நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். அப்பாவோ கணவனோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. யாராவது கேட்டால் சட்டத்தில் அப்படி இல்லை என்று கூட நின்று சொல்லுங்கள். 18க்குக் கீழே என்றால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பாதுகாவலர் என்றால் அவளைப் பராமரிப்பவர். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குப் பாட்டியே போகலாம்.

மருந்துக் கடையில் ரகசியமாக வாங்கும் கலைப்பு மாத்திரை மலையில் பேராபத்து. டாக்டர் மேற்பார்வையில் 9 வாரம் வரை மாத்திரையால் கலைக்கலாம். ஆனால் கரு குழாயில் தங்கியிருந்தால் அது தெரியாமல் மாத்திரை சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வந்தால் மறைக்காமல் சொல்ல வையுங்கள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சல், மயக்கம், தாங்க முடியாத வயிற்று வலி இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவு செய்தால் சீக்கிரம் பிக்மியில் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவில்) பதிவு செய்யுங்கள். இள வயதுக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். பிரசவ தேதிக்கு முன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க ஏற்பாடு செய்வது நல்லது. பள்ளிப் படிப்பை மறக்காதீர்கள். பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் தனித்தேர்வராக எழுதலாம்.

6. போக்சோ: முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி 18க்குக் கீழே உள்ளவருடன் நடக்கும் உறவு, விருப்பத்தோடு நடந்தாலும், குற்றம். தெரிய வந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு, சொல்லாமல் விட்டால் தண்டனையும் உண்டு. கல்யாணமாகியிருந்தாலும் இதே நிலைதான் என்பது 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் உறுதியானது.

இதன் விளைவு மலையில் கண்கூடு. புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், அல்லது ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. இரண்டு 17 வயதுப் பிள்ளைகளின் காதலையும் ஒரு பெரியவர் செய்யும் கொடுமையையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல என்பது என் எண்ணம். ஆனாலும் சட்டம் இப்போது இதுதான். எனவே ஒரு பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை ஊர்ல யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன். ஆனா சில விஷயங்களை நான் போலீஸுக்குச் சொல்லியாகணும். அப்படி இருந்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன், உன்கூட இருப்பேன்." எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு சொன்னால் அது துரோகமாகத்தான் அவளுக்குப் படும்.

சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் கடிதம் கொண்டுவா என்று எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது. 18க்குக் கீழே உள்ளவர் கருக்கலைப்புக்கு வந்தால், அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குத் தரும் தகவலில் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு கூறுகிறது. பெண்பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. விருப்பத்தோடு நடந்த காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாமென்று தமிழ்நாடு காவல்துறைத் தலைமை 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. இதைக் கையில் வைத்திருங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 181 பெண்களுக்கான எண்.

வன்முறை நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரம்தான் கெடு.

7. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் மேல் விருப்பம் வந்தால்

விடுதியில் இரண்டு பெண்பிள்ளைகள் நெருக்கமாக இருப்பது தெரிந்ததும் வீட்டுக்கு ஆளனுப்புவது வழக்கமாக நடப்பது. அடுத்து டி.சி., அடுத்து அவசரக் கல்யாணம். பையனாக இருந்தால் அடி, அப்புறம் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கீழே போய்விடுவான். தன் பால் ஈர்ப்பு நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது. வயதுவந்தவர்கள் விருப்பத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் சொன்னது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று செய்யப்படும் சிகிச்சைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. தீர்ப்பு எழுதும் முன் தனக்கே இந்த விஷயம் புரிய வேண்டும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். நாமும் பேசுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

செய்ய வேண்டியது கடினமில்லை. "நீ அப்படியா" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொன்னால் கேளுங்கள். "வயசானா சரியாயிடும்" என்றும் சொல்ல வேண்டாம், இவன் இன்னார் என்று முத்திரையும் குத்த வேண்டாம். அந்த வயதில் தன்னைத் தானே புரிந்துகொள்ள அவகாசம் வேண்டும். பிள்ளை கேட்காமல் வீட்டில் சொல்லாதீர்கள். வகுப்பில் யாரையாவது "பொட்டை" என்று கூப்பிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிறந்தபோது ஆண் என்று சொல்லப்பட்ட பிள்ளை தன்னைப் பெண்ணாக உணர்ந்தால் எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள், மற்றவர்கள் முன்னால் அழைக்கலாமா என்பதையும் சேர்த்து. விடுதி விதிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஆண்-பெண் ஜோடிக்கு ஒரு கண்டிப்பு, இவர்களுக்கு அதைவிடக் கடுமையான தண்டனை என்று வைக்காதீர்கள்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். தனியாக விடாதீர்கள், பூச்சி மருந்து எங்கே இருக்கிறதென்று பாருங்கள். காய்கறித் தோட்டமுள்ள வீடுகளில் அது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். டெலி-மானஸ் மனநல எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். சிக்னல் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் உங்கள் போனிலிருந்தே பேச வையுங்கள். தன் போனிலிருந்து பேசியிருந்தால், வீட்டில் பார்ப்பார்கள் என்ற பயமிருந்தால், அழைப்புப் பதிவை அழிக்கச் சொல்லிக்கொடுங்கள்.